காஜா பெராங்கில் ஏறிய விளக்கு

வள்ளி, சேகர், இரண்டு பேரும் கேளுங்கள். நான் கப்பலேறிப் போயிருந்தபோது பள்ளிக்கூடத்தில் உங்களைப் "பலூன்காரன் பிள்ளைங்க" என்று கேலி செய்தார்களாம். சேகர் ஒரு பையனை அடித்துவிட்டு, கிழிந்த சட்டையோடு வந்தானாம். அம்மா சொன்னாள். அடித்தது தப்பு. ஆனால் அந்தப் பையன் சொன்னது பொய் இல்லை. உங்கள் அப்பா பலூன்காரன்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவன், வானிலை ஆபீசில் பலூனுக்கு வாயு நிரப்பி மேலே விடுகிறவன். அந்தப் பலூனை எந்த ஊருக்குக் கொண்டுபோனேன், எதற்காக விட்டேன் என்று எழுதி வைக்கிறேன். படியுங்கள். படித்த பிறகு யாராவது பலூன்காரன் என்றால், கையை ஓங்காமல் "ஆமாம்" என்று சொல்ல உங்களுக்கே வாய் வரும்.

நம் நாகப்பட்டினத்துப் புயல் உங்களுக்குத் தெரியும். கடலில் எங்கோ தொலைவில் உருவாகி, சுழன்று சுழன்று, நாள்கணக்கில் நகர்ந்து வந்து தலையில் இறங்கும். கூண்டு ஏற்றவும் படகுகளைத் திருப்பவும் கொஞ்சமாவது அவகாசம் கொடுக்கும். நான் போன மலாயா நாட்டு மலாக்காவுக்கு வருவது வேறு சாதி. அந்த ஊருக்கு எதிர்க்கரை சுமத்திரா தீவு. அங்கே மலைகளில் இராத்திரி குளிர்ந்த காற்று சரிந்து கடலுக்கு இறங்குகிறது. கடல்மேல் கிடக்கும் புழுக்கமான காற்றை அது அடியில் புகுந்து தூக்கிவிட, மேகம் கட்டுகிறது. விடிவதற்குள் நீளமான கறுப்புச் சுவர் மாதிரி ஆகி, இடையில் இருக்கிற கடலைத் தாண்டி வந்து ஊரை அறைகிறது. ஜனங்கள் காலைப் பலகாரம் முடிப்பதற்குள் வெயில் அடிக்க ஆரம்பித்துவிடும். காலைச் சாப்பாட்டை அங்கே பசியாறுவது என்பார்கள். இராத்திரி பிறந்து பசியாறும் நேரத்துக்குள் செத்துப்போகிற புயல். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் படகைக் கவிழ்க்கும், கூரையைப் பிடுங்கும். அதன் பெயரே "சுமத்திரா"தான்.

என்னை அழைத்துக்கொண்டு போனவர் எங்கள் டாக்டர் ஐயா. மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, காற்றையும் மழையையும் படித்துப் பட்டம் வாங்கியவர், கும்பகோணத்துக்காரர். பிறந்த புயல் வழியில் எப்படி மாறுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. "மழை வந்ததும் எல்லாரும் குடையைத் தேடறோம், கோவிந்தா. அதுக்கு முன்னால ஓடி வர்ற குளிர்காத்தை யாரும் பாக்கறதில்லை. புயலோட குணமே அதுலதான் இருக்கு" என்பார். அந்தக் குளிர்காற்று தரையிலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது, அதற்கு மேலே எந்தக் காற்று ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். அதற்கு, புயலின் முகம் ஊரைத் தொடுகிற அந்த வேளையில் ஒரு பலூன் மேலே இருக்கவேண்டும். முன்னால் விட்டால் பிரயோஜனமில்லை, பின்னால் விட்டால் மழை மறைத்துவிடும். அந்த ஒரு பலூனுக்காகத்தான் கப்பலேறினோம்.

பலூன் விடுவது சும்மா ஊதி விடுவது இல்லை, பிள்ளைகளே. அடியில் எடைக்கல்லைக் கட்டி, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நிற்கிற அளவுக்கு வாயு நிரப்பவேண்டும். பிறகு கல்லைக் கழற்றினால் அது எப்போதும் ஒரே வேகத்தில் ஏறும். மூன்று காலில் நிற்கிற ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி வழியாக டாக்டர் அதைப் பின்தொடர்ந்து கோணத்தைச் சொல்லுவார், நான் எழுதுவேன். எந்த உயரத்தில் எந்தப் பக்கம் போயிற்று என்பதிலிருந்து காற்று பிடிபடும். இருட்டில் பலூன் தெரியாதே. அதனால் நீளமான நூலில் காகித விளக்கு ஒன்றைக் கட்டி, உள்ளே சின்ன மெழுகுவர்த்தி வைப்போம். அந்த விளக்குகளை ஒட்டுவது உங்கள் அப்பாதான். காற்று உள்ளே போகவும் வேண்டும், சுடர் அணையவும் கூடாது.

மலாக்காவில் இறங்கிய அன்றைக்கே ஒரு கூத்து. வாயு உருளையை மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏற்றினோம். ஓட்டியவர் ஒரு சீனர். ஆற்றுப் பாலத்தருகே வண்டியின் டயர் பாரம் தாங்காமல் டமாரென்று வெடித்தது. அவ்வளவுதான், குண்டு என்று பயந்து கடைத்தெருவே தரையில் படுத்துவிட்டது. காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகளோடு இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்து, அந்த நீளமான இரும்புக் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு மலாய் தெரியாது. டாக்டருக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் கோபத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது.

அப்போது எதிர்க் கடையிலிருந்து தொப்பி போட்ட ஒருவர் இறங்கி வந்து போலீஸ்காரரிடம் மலாயில் ஏதோ சொன்னார். போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அந்தத் தொப்பிக்காரர் என் பக்கம் திரும்பி, "எந்த ஊரு தம்பி?" என்றார். நாகப்பட்டினம் என்றேன். அவர் நாகூர்க்காரர்! காதர் பாய். தகப்பனார் காலத்திலிருந்து அங்கே மளிகைக் கடை. போலீஸ்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இவன் பலூன் விக்கிறவன், குண்டு இல்லேன்னேன்."

"விக்கிறது இல்ல பாய். விடுறது."

"விடுறதா? சும்மாவா? அதுக்கா கவர்மெண்ட் கப்பல் சார்ஜ் குடுத்தான்? எங்கூர் தர்கா கந்தூரியில ஓரணாவுக்கு விக்கிறானே, அவன் மொகத்துல எப்படி முழிப்பீங்க?"

கேட்டீர்களா, கடல் தாண்டியும் இதே கேலிதான். ஆனால் பாய் கேலி செய்துகொண்டேதான் எங்களுக்கு எல்லாம் செய்தார். டாக்டர் மீன், கருவாடு பக்கமே போகமாட்டார். அந்த ஊரிலோ இறால் விழுதைச் சுட்டு அரைத்துத்தான் துவையலே செய்கிறார்கள். அதன் வாசனை தெருவுக்கே வரும். டாக்டர் இரண்டு நாள் வாழைப்பழமும் ரொட்டியுமாக இருந்தார். மூன்றாம் நாள் பாய், சைக்கிளில் இடியாப்பம் விற்கிற நம் ஆள் ஒருவரைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். தேங்காய்த்துருவலும் கறுப்புச் சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். "இந்தப் பாய் இல்லைன்னா புயலுக்கு முன்னால நான் போயிருப்பேன்" என்றார் டாக்டர்.

முதலில் கடலோரமாக உஜோங் பாசிரில் இடம் பார்த்தோம். முதல் சுமத்திரா அங்கேதான் வந்தது. நிரப்பி முடிப்பதற்குள் காற்று பலூனை என் கையிலிருந்து பிடுங்கித் தென்னமட்டையில் அடித்துக் கிழித்தது. கொஞ்சம் உள்ளே தள்ளி மறைவான இடம் வேண்டும் என்றார் டாக்டர். பாய் எங்களைக் காஜா பெராங்குக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு கம்பத்தில், அதாவது குடியிருப்பில், நான் கண்டதை எப்படிச் சொல்ல? வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே சாமி படம், குத்துவிளக்கு. வீட்டுக்காரர் பெயர் ராஜப் பிள்ளை, நெற்றியில் விபூதி. நான் ஆசையாக, "வணக்கம், சௌக்கியமா இருக்கீங்களா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கைகூப்பினார். பதில் மலாயில் வந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது! செட்டி என்று சொல்லிக்கொள்ளும் இவர்களுடைய முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நம் கரையிலிருந்து வியாபாரத்துக்குப் போனவர்கள். அங்கேயே பெண் கட்டி, அங்கேயே தங்கிவிட்டார்கள். பேச்சு மாறிவிட்டது. சாமி மாறவில்லை. அவர் மனைவி கண்ணம்மா அக்கா மலாய்க்காரப் பெண்கள் மாதிரி கைலியும் சட்டையும்தான் உடுத்துகிறார். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வது உங்கள் அம்மா போடுவது மாதிரியே இருந்தது. அவர் வைத்த புளிக்குழம்பைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நம் வீடு. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் காரத் துவையலும் வந்தபோதுதான் மலாக்கா.

ராஜப் பிள்ளை என்னை "அபாங்" என்று கூப்பிட்டார். அண்ணன் என்று அர்த்தமாம். எங்களுக்குப் பின்முற்றத்தை விட்டுக்கொடுத்தார், வாடகை வாங்கவில்லை. அந்த நாட்டுக்கு ஆகஸ்டு கடைசியில் சுதந்திரம் வரப்போகிறது. தெருவெல்லாம் அதே பேச்சு. ராஜப் பிள்ளைக்கு ஒரு கவலை இருந்ததைப் பாய் எனக்குச் சொன்னார். கடைத்தெருவில் எவனோ அவரிடம், "இனிமே இது எங்க நாடு, நீங்க உங்க நாட்டுக்குப் போகவேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டானாம். விளையாட்டாகக் கேட்டானோ என்னவோ, இவருக்கு அது உள்ளே தைத்துவிட்டது. "எந்த நாட்டுக்குப் போறது? தமிழ்ல தண்ணி கேக்கக்கூட எனக்குத் தெரியாதே" என்று பாயிடம் சொன்னாராம்.

இரண்டாவது சுமத்திரா நாங்கள் அங்கே இருக்கும்போது வந்தது. பலூன் அழகாக ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் காற்றில் விளக்கு அணைந்துவிட்டது. டாக்டர் கண்ணைச் சுருக்கி இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. விளக்கில் காற்று போகும் வாய்களைக் குறுக்கி, கஞ்சிப் பசையால் இரண்டு மடிப்பு ஒட்டிப் புதிதாகச் செய்தேன். முற்றத்தில் நூலில் கட்டிச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். அணையவில்லை. அதற்குப் பிறகு வானம் துடைத்து விட்டாற்போல் கிடந்தது. கப்பலுக்குப் போகவேண்டிய நாள் வந்துகொண்டே இருந்தது, புயல் வரவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் இராத்திரி அவர்கள் வீட்டில் படையல். மாம்பழமும் மங்குஸ்தானும் வந்து குவிகிற பருவத்தில், செத்துப்போன பெரியவர்களுக்குப் பழமும் பலகாரமும் படைப்பார்கள். "பார்ச்சு" என்று பெயர். வாழையிலைகளைப் போட்டு, ஒவ்வொருவருக்கும் பிடித்ததை வைத்து, எதிரே மெழுகுவர்த்திகளை வரிசையாக ஏற்றி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். பெரியவர்கள் வந்து சாப்பிடுவார்களாம். பிறகு கதவைத் திறந்து எல்லாரும் பிரசாதமாகச் சாப்பிடலாம். ஆனால் அந்த விளக்குகளை யாரும் கைதொட்டு அணைக்கக்கூடாது. பெரியவர்களை எழுந்து போ என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். வர்த்திகள் தாமாக எரிந்து அடங்கவேண்டும். அன்றைக்குப் பிரமாதமான விருந்து. நானும் பாயும் நன்றாகச் சாப்பிட்டோம், டாக்டர் பழங்களை ஒரு கை பார்த்தார்.

மறுநாள் விடியுமுன் டாக்டர் என்னை உலுக்கி எழுப்பினார். மேற்கே, கடல் பக்கம், அடிவானம் முழுக்க மின்னிக்கொண்டிருந்தது. ஓசை இல்லை. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. "கோவிந்தா, வருது. கடைசி நாள்ல வருது பாரு." என்றார்.

ஓடிப்போய் உருளையைத் திறந்தேன். பலூன் எழும்பியது. எடைக்கல், நூல், விளக்கு, எல்லாம் தயார். வர்த்திப் பெட்டியைத் திறந்தால் வெறும் திரியும் தூளும்தான் கிடந்தது. எலி தின்றுவிட்டது! கொழுப்பு கலந்த வர்த்தி, முந்தின நாள் விருந்து வாசனைக்கு வந்த எலிகள் அதையும் விட்டுவைக்கவில்லை.

அந்த நேரத்தில் காதர் பாய் விடியற்காலை பஜர் தொழுகையை முடித்துவிட்டு, எங்களை வழியனுப்பச் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சங்கதி கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மழையே வந்துவிடும். சத்தம் கேட்டு ராஜப் பிள்ளையும் அக்காவும் வெளியே வந்தார்கள். வீட்டில் இருந்த வர்த்தி எல்லாம் படையலுக்குப் போய்விட்டது. திறந்திருந்த கதவு வழியாக எனக்கு உள்ளே தெரிந்தது. பல வர்த்திகள் அடங்கிவிட்டன. எல்லாவற்றிலும் நீளமாக இருந்த ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வர்த்தி அளவுக்கே குறைந்து போய், சின்னச் சுடரோடு. நான் அதைப் பார்ப்பதை டாக்டர் பார்த்துவிட்டார்.

"வேண்டாம் கோவிந்தா. அது அவங்க பெரியவங்களுக்கு வச்சது. புயல் இன்னொண்ணு வரும்."

வரும்தான். நாங்கள் இருக்கமாட்டோம். அது அவருக்கும் தெரியும். அத்தனை வருஷம் படித்து, அத்தனை தூரம் வந்து, கைக்கெட்டியதை இன்னொருவர் வீட்டுச் சாமி காரியத்துக்காக விடத் துணிந்தாரே, அவரிடம் வேலை செய்கிறேன் என்று அந்த இடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் பலூன் நூலை நான் விடவில்லை.

ராஜப் பிள்ளை என்ன விஷயம் என்று பாயைக் கேட்டார். பாய் சொன்னார். ராஜப் பிள்ளை அக்காவைப் பார்த்தார். அக்கா சரி என்று தலையை ஆட்டினார். ராஜப் பிள்ளை உள்ளே போய் இலைகளுக்கு எதிரே உட்கார்ந்து, தன் பாஷையில், ஆனால் நம்மைப் போலவே "தாத்தா", "பாட்டி" என்று தொடங்கி ஏதோ பேசினார். பாய் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். "நீங்க கெளம்பின கரையிலேருந்து ஒரு அண்ணன் வந்திருக்காரு. நீங்க கடந்து வந்தீங்களே அந்தக் காத்தை எட்டிப் பாக்கணுமாம். வெளக்கு கேக்குறாரு. நான் அணைக்கல. எரியிறபடியே குடுக்குறேன். கோவிச்சுக்காதீங்க."

பிறகு அந்த வர்த்தியை அடியோடு பெயர்த்து, சுடரைக் கையால் அணைகட்டி, முற்றத்துக்குக் கொண்டுவந்தார். நான் விளக்கின் அடித்தட்டை நீட்டினேன். அவரே உள்ளே நட்டார். பலூனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எடையைச் சரிபார்த்தேன். எடைக்கல்லைக் கழற்றி, நூலை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"விடு!" என்றார் டாக்டர். விட்டேன்.

விளக்கு மெதுவாக ஏறி, தென்னைகளைத் தாண்டி, கடல் பக்கமாகப் போயிற்று. புயல் தன் பக்கமாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அதே மாதிரி. டாக்டர் கோணம் சொல்லச் சொல்ல எழுதினேன். பாய் டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டார், அவர் வாயில் கேலி ஒன்றும் இல்லை. பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. ஜனங்கள் முற்றத்து வேலியோரம் வந்து அண்ணாந்து நின்றார்கள். படையல் வீட்டிலிருந்து ஒரு சுடர் எழுந்து போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? பெரியவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். ஒரு கிழவி அழ ஆரம்பித்தாள். ராஜப் பிள்ளை முகம் சுண்டிப்போயிற்று. விளக்கு மேற்கே, நம் கரை இருக்கும் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. பெரியவர்களே பழைய ஊருக்குப் போய்விட்டால் இவர் எந்த ஊர்க்காரர்?

பிறகு அது நின்றது. மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மேற்கே நகரவில்லை. ஜில்லென்று ஒரு காற்று எங்கள் முகத்தில் அடித்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. டாக்டர் கத்தவில்லை, கோணங்களை மட்டும் வேகம் வேகமாகச் சொன்னார். விளக்கு திரும்பியது. மேலே மேலே ஏறிக்கொண்டே, போன வழியிலேயே திரும்பி வந்து, எங்கள் தலைக்கு மேலே, அந்த வீட்டுக் கூரைக்கு மேலே கடந்து போயிற்று. அணையவில்லை, பிள்ளைகளே. நான் ஒட்டிய விளக்கு அணையவே இல்லை. மேகத்துக்குள் நுழைகிறவரை எரிந்தது. அப்புறம் மழை கொட்டியது.

எல்லாரும் உள்ளே ஓடினோம். டாக்டர் நனைந்த தலையோடு, குளிர்காற்று எவ்வளவு உயரம் என்று அப்போதே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். ராஜப் பிள்ளை வாசற்படியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. பாயிடம் ஏதோ சொன்னார். பாய் எனக்குச் சொன்னார்.

"பெரியவங்க பழைய ஊரைப் போய் எட்டிப் பாத்துட்டு, வீட்டுக்குத் திரும்பி வந்துட்டாங்களாம். இனிமே எவனாச்சும் எந்த நாடுன்னு கேட்டா இதைச் சொல்லப் போறாராம்."

அது காற்று திரும்பியதால் வந்தது என்று டாக்டர் விளக்குவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து, ராஜப் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அவங்க பெரியவங்க காட்டாம இருந்தா நான் பாத்திருக்க முடியாதுன்னு சொல்லுங்க பாய்" என்றார். பாய் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கந்தூரி பலூன்காரன் மொகத்துல நீங்க தாராளமா முழிக்கலாம் தம்பி" என்றார்.

கிளம்பும்போது அக்கா ஒரு பொட்டலம் மாம்பழ வற்றல் கொடுத்தார். நீங்கள் தின்றீர்களே, அதுதான்.

இன்னும் ஒன்று, உங்களுக்குத் தெரியாதது. நான் வந்து சேர்ந்த மறுநாள் எனக்கு விடியற்காலை வேலை. எப்போதும் ஆபீசில் தீக்குச்சி கிழித்துத்தான் விளக்கேற்றுவேன். அன்றைக்கு நீங்களும் அம்மாவும் தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து, நம் சாமி விளக்கிலிருந்து ஒரு வர்த்தியை ஏற்றி, அரிக்கேன் கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டு, தெருவழியே தனியாக நடந்து போனேன். ஆபீசில் யாரும் வந்திருக்கவில்லை. அந்தச் சுடரைத்தான் காகித விளக்குக்குள் வைத்து அனுப்பினேன். ஆடி மாசமாயிற்றே, காற்று மேற்கிலிருந்து அடித்தது. விளக்கு கடலுக்கு மேலே ஏறி, மலாக்கா இருக்கிற கிழக்குப் பக்கமாகப் போயிற்று. கோணம் எல்லாம் எழுதி முடித்த பிறகும், அது நட்சத்திரத்தோடு நட்சத்திரமாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.